கொம்பன் சுறாவுக்கு எதுக்கு அந்தத் தலை? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சுறா பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன், ஓரத்துல சின்னதா ஒரு கொம்பன் சுறா படம் போட்டிருந்தாங்க, தலை சுத்தியல் மாதிரி ரெண்டு பக்கமும் குறுக்கே நீண்டிருக்குமே, இங்கிலீஷ்ல ஹாமர்ஹெட், அது. வந்த கடிதத்துல பாதிக்கு மேல அந்த ஒரு படத்தப் பத்திதான். அதனால இந்த மாசப் பக்கம் முழுக்க கொம்பனுக்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி (தூத்துக்குடி, மீன் வியாபாரி): ஏலத்துல தலை அகலமா இருந்தா எல்லாத்தயும் கொம்பன்னுதான் சொல்றோம். ஆனா ஒண்ணுக்கு தலை நேர் கட்டை மாதிரி இருக்கு, ஒண்ணுக்கு முன்பக்கம் வளைஞ்சு நெளிநெளியா இருக்கு, இன்னொண்ணு பறவை றெக்கைய விரிச்ச மாதிரி. இது ஆண் பெண் வித்தியாசமா, இல்ல வேற வேற சுறாவா?

பதில்: வேற வேற சுறாதாண்ணே. நீங்க கண்ணால பாத்தே மூணா பிரிச்சிட்டீங்க, அந்த மூணும் தனித்தனி இனம். இந்தக் கடிதத்தப் படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா அருங்காட்சியகத்துல உக்காந்து வகைப்பாடு பண்றவங்களும் இதே இடத்தத்தான், அதாவது தலையோட முன் ஓரத்தத்தான் முதல்ல பாப்பாங்க.

ஆணா பெண்ணானு தெரியணும்னா தலைய விட்டுட்டு வயித்துப் பக்கம் பாருங்க, பின் துடுப்புக்கு உள்ளோரமா ரெண்டு குச்சி மாதிரி நீண்டிருந்தா ஆண். ஆணுக்கும் பெண்ணுக்கும் தலை வடிவமே மாறுறது இந்தக் குடும்பத்துல அமெரிக்கக் கரையோரம் இருக்குற ஒரு சின்ன கொம்பன்ல நல்லா தெரியும், அந்தச் சுறா பத்தி பின்னாடி வேற ஒரு கேள்வி இருக்கு.

இப்ப குடும்பத்துக்கு வருவோம். கொம்பன் எல்லாம் சேந்து ஸ்பிர்னிடேங்கற ஒரே குடும்பம். கிரேக்கத்துல சுத்தியலுக்கு இருக்குற சொல்லுல இருந்து வந்த பேரு. நம்ம பால் சுறா, புலிச் சுறா எல்லாம் இருக்குற அதே பெரிய வரிசைக்குள்ளதான் இதுவும் வருது, சொல்லப்போனா பால் சுறாவுக்கு கொம்பன் ரொம்ப நெருங்கின சொந்தம். குடும்பத்துக்குள்ள ரெண்டே பேரினம். ஒண்ணு யூஸ்பிர்னா, அதுல ஒரே ஒரு இனம்தான் இருக்கு, நீங்க றெக்கை விரிச்ச மாதிரினு சொன்னீங்களே அதுதான், பேரு யூஸ்பிர்னா பிளாக்கி. அதோட தலை அகலம் உடம்பு நீளத்துல கிட்டத்தட்ட பாதி, ஒரு மீட்டர் சுறாவுக்கு தலை மட்டும் நாப்பது அம்பது சென்டிமீட்டர் குறுக்கே நிக்கும். மத்தது எல்லாம் ஸ்பிர்னா பேரினம், அதுல இப்போதைக்கு 9 இனம். ஆக மொத்தம் 10.

நம்ம கடல்ல கிடைக்கிறது நாலு. முன் ஓரம் கிட்டத்தட்ட நேரா, நடுவுல மட்டும் ஒரு பள்ளத்தோட, முதுகுத் துடுப்பு அரிவாள் மாதிரி ரொம்ப உயரமா நின்னா அது பெரிய கொம்பன், ஸ்பிர்னா மொகரான், 6 மீட்டர் வரைக்கும் வளரும், குடும்பத்துலயே பெருசு. ஓரம் வளைஞ்சு, நடுவுல ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் இன்னும் பள்ளம்னு சிப்பி ஓரம் மாதிரி நெளிஞ்சிருந்தா அது ஸ்பிர்னா லெவினி. புரியறதுக்காக இந்தப் பக்கத்துல அத நெளி கொம்பன்னு சொல்றேன். வளைவு இருக்கு ஆனா நட்டநடுவுல பள்ளமே இல்லன்னா ஸ்பிர்னா சைகீனா, அது குளிர்ந்த கடல்ல அதிகம், நம்ம பக்கம் குறைவு. நாலாவது அந்த றெக்கைக் கொம்பன்.

தூத்துக்குடி திரேஸ்புரத்துல ஒரு தடவ விடியக்காலைல வள்ளத்துல இருந்து இறக்கின கூடை ஒண்ணு பாத்தேன். முழங்கை நீளத்துக்கு குட்டிக் கொம்பனுங்க, ஒரு பதினஞ்சு இருபது இருக்கும், பால் சுறாவோட கலந்து கிடந்துச்சு. ஒண்ண எடுத்து மல்லாக்கத் திருப்பினா, முன் துடுப்பு ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு கீறல் மாதிரி, இன்னும் மூடாம சிவப்பா இருந்துச்சு. தொப்புள்கொடி விட்ட தழும்பு. பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தலை ஓரத்த விரலால தடவிப் பாத்தேன், நடுவுல பள்ளம், பக்கத்துல பள்ளம், எல்லாமே நெளி கொம்பன். கூடைக்காரர், என்னக்கா இவ்ளோ நேரமா அதயே பாக்கீயனு கேட்டாரு. சொன்னேன். அவரும் ஒரு குட்டிய எடுத்து ஓரத்தத் தடவிப் பாத்துட்டு, முப்பது வருஷமா தூக்குறேன் இதக் கவனிச்சதே இல்லக்கானு சொன்னாரு. அதுக்கப்புறம் அந்தக் கூடைல மீதி இருந்ததயும் அவரே ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்து ஒதுக்கி வெச்சாரு.

கேள்வி (நாகர்கோவில், பிளஸ் ஒன் மாணவி): அக்கா, எங்க புக்ல ஸ்கோலியோடான்ங்கற சுறா பத்திதான் இருக்கு, கொம்பன் இல்ல. அந்தத் தலையால என்ன லாபம்? மெதுமெதுவா அகலமாகிட்டே வந்து கடைசில அவ்ளோ பெருசாச்சா?

பதில்: ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்கிறேன்ம்மா, ஏன்னா அதுல எல்லாரும் தப்பா நினைக்கிற ஒண்ணு இருக்கு. முதல்ல சின்னத் தலை, அப்புறம் கொஞ்சம் அகலம், கடைசில றெக்கைக் கொம்பன் மாதிரி பெரிய தலைனு படிப்படியா வந்திருக்கும்னுதான் ரொம்ப காலம் நினைச்சிட்டிருந்தாங்க, கேக்குறதுக்கும் சரியாத்தான் இருக்கு. டிஎன்ஏ வெச்சுப் பாத்தப்ப கதை அப்படியே தலைகீழாச்சு. குடும்பத்துல முதல்ல தனியா பிரிஞ்ச கிளை றெக்கைக் கொம்பன்தான், அதாவது இருக்குறதுலயே அகலமான தலை. சின்னத் தலை இருக்குற அமெரிக்கக் கொம்பனுங்க கடைசியா வந்த கிளை. இந்தக் குடும்பத்தோட மூதாதை சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த பெரிய சுறாவா இருக்கணும்னு 2010ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. அப்ப சில கிளைல தலை பெருசாகல, சுருங்கியிருக்கு. பரிணாமம்னா எப்பவும் ஒரே திசைல போற பஸ் இல்லங்கறதுக்கு உங்க டீச்சர்கிட்ட தாராளமா சொல்லக்கூடிய உதாரணம் இது.

சரி, லாபம் என்ன. முதல்ல கண்ணு. கண்ணு ரெண்டும் தலையோட ரெண்டு நுனில இருக்கு, அவ்வளவு தள்ளி இருந்தா முன்னாடி இருக்குறது எப்படி தெரியும்னு எல்லாருக்கும் சந்தேகம் வரும், பல விஞ்ஞானிகளுக்கும் வந்துச்சு. 2009ல அமெரிக்கால அளந்து பாத்தாங்க. ரெண்டு கண்ணு பார்வையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற பரப்பு இருக்கே, அது இருந்தாத்தான் தூரம் சரியா கணிக்க முடியும், சாதாரண சுறாவுக்கு அது 10 டிகிரி பக்கம். நெளி கொம்பனுக்கு 32 டிகிரி, றெக்கைக் கொம்பனுக்கு 48 டிகிரி. தலை அகலமாக ஆக முன்பார்வை கூடுது, ஏன்னா கண்ணு நுனில சும்மா ஒட்டிக்கிட்டு இல்ல, லேசா முன்னோக்கித் திரும்பியிருக்கு. மேல கீழ எல்லாப் பக்கமும் பாக்கும், மூக்குக்கு நேரா கிட்டத்துல மட்டும் ஒரு குருட்டுப் பகுதி இருக்கு, அதுக்குத்தான் நீந்தும்போது தலைய இடவலமா ஆட்டிட்டே போகுது.

அடுத்தது மின்சாரம். எந்த உயிரோட தசை அசைஞ்சாலும், மூச்சுவிட்டாலும் தண்ணில ரொம்ப சின்ன மின்புலம் உண்டாகும். அத உணர சுறா எல்லாத்துக்கும் மூஞ்சில ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் இருக்கு, உள்ள ஜெல்லி மாதிரி ஒரு கூழ் நிரம்பியிருக்கும். பேரு லோரன்சினி குமிழ்கள். மார்க்கெட்ல ஒரு கொம்பன் தலையோட அடிப்பக்கத்த நல்ல வெளிச்சத்துல பாத்தீங்கன்னா அந்தப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும், அழுத்தினா கூழ் வெளிய வரும், நான் அழுத்திப் பாத்திருக்கேன். இவ்வளவு அகலமான தலைல அது பரவி இருக்குறதால ஒரே தடவைல அகலமா ஒரு பட்டைய துழாவிட்டே போகலாம், மணல்ல கண்ணிவெடி தேடுற கருவிய ரெண்டு பக்கமும் ஆட்டிட்டே போவாங்க பாருங்க, அதே மாதிரி. மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்குற திருக்கை கண்ணுக்கே தெரியாது, ஆனா கொம்பனுக்குத் தெரிஞ்சிடும்.

தெரிஞ்சப்புறம் அந்தத் தலை கை மாதிரி ஆகிடுது. பெரிய கொம்பன் திருக்கைய தலையால தரையோட அழுத்தி வெச்சு, சட்டுனு திரும்பி றெக்கை ஓரத்தக் கடிச்சு எடுக்குறத நேர்ல பாத்து பதிவு பண்ணியிருக்காங்க. திருக்கை வால்ல இருக்குற முள்ளு நமக்குக் குத்தினா என்ன ஆகும்னு கடற்கரைல இருக்கவங்களுக்குச் சொல்லவே வேணாம், அந்த முள்ளு கொம்பனோட வாயிலயும் தாடையிலயும் தொண்டையிலயும் ஒடிஞ்சு புதைஞ்சு கிடக்கும், அப்படியே வாழும். 1907லயே வட கரோலினால பிடிச்ச ஒரு கொம்பன்ல அம்பதுக்கு மேல முள்ளு எண்ணியிருக்காங்க.

விமான றெக்கை மாதிரி அந்தத் தலை சுறாவ மேல தூக்கிவிடுதுன்னு பல புத்தகத்துல இருக்கும். 2020ல கம்ப்யூட்டர் மாடல் போட்டுப் பாத்ததுல நேரா நீந்தும்போது அப்படித் தூக்கல எதுவும் பெருசா இல்ல, ஆனா தலைய லேசா சாய்ச்ச உடனே பலமா தூக்குது, அதனாலதான் டக்குனு மேல கீழ திரும்ப முடியுது. அதுக்கு விலையும் உண்டு, தண்ணியோட இழுவை சாதாரண சுறாவ விட அதிகம்.

கேள்வி (கோயம்புத்தூர்): ஆளைக் கொல்லுமா?

பதில்: புளோரிடால இருந்து நடத்துற உலக சுறாத் தாக்குதல் பதிவேட்டுல, சீண்டாம இருந்த ஆள கொம்பன் தானா கடிச்சுக் கொன்னதா ஒரு சாவு கூட இல்ல. கடி பட்ட சம்பவமே பதிவானது ரொம்பக் கொஞ்சம். வலைல மாட்டினது கடிச்சா அது வேற விஷயம், எந்த மீனும் கடிக்கும்.

கேள்வி (மதுரை): முட்டை போடுமா குட்டி போடுமா? அந்தத் தலைய வெச்சுக்கிட்டு எப்படிப் பிறக்கும்? அம்மாவுக்குக் கிழிஞ்சிடாதா?

பதில்: குட்டிதான். அதுவும் நம்மள மாதிரி நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் உண்டு. ஆரம்பத்துல முட்டைக்கரு மாதிரி ஒரு பைல இருந்து சத்து எடுத்துக்கும், அது தீர்ந்ததும் அந்தப் பையே கருப்பைச் சுவரோட ஒட்டி நஞ்சுக்கொடியா மாறிடும், அப்புறம் தாயோட ரத்தத்துல இருந்துதான் சாப்பாடு. திரேஸ்புரத்துல பாத்த கீறல் அதோட அடையாளம்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் சுமக்கும். நெளி கொம்பன் ஒரு ஈத்துக்கு 12ல இருந்து 40 வரைக்கும் போடும். பெரிய கொம்பன் ஒருவருஷம் விட்டு ஒருவருஷம்தான் போடும். 2006ல புளோரிடால தூண்டில்ல பிடிச்ச ஒரு பெரிய கொம்பன் 580 கிலோ எடை, அதுக்காக உலக சாதனைனு பதிவாச்சு, அப்புறம் வயித்தத் திறந்து பாத்தா பிறக்கப் போற நிலைல 55 குட்டி. அந்தச் செய்திய முதல் தடவ படிச்சப்ப சாதனைங்கற வார்த்தைய எனக்குத் தாங்க முடியல, இப்பவும் முடியல.

தலை விஷயம். வயித்துல இருக்கும்போது குட்டியோட தலை நுனி ரெண்டும் வளைஞ்சுகுடுக்குற குருத்தெலும்பா, வால் பக்கமா மடிஞ்சு இருக்கும், நனைஞ்ச குடைய மடக்கி வெச்ச மாதிரி. வெளிய வந்தப்புறம்தான் விரிஞ்சு கெட்டியாகும். தாய்க்கு ஒண்ணும் ஆகாது.

இங்கயே இன்னொரு அதிசயத்தயும் சொல்லிடுறேன். அமெரிக்கால நெப்ராஸ்கா மாநிலத்துல ஒமாஹா நகரத்து உயிரியல் பூங்காவுல மூணு பெண் சின்னக் கொம்பனுங்கள வளத்தாங்க. மூணுமே பருவத்துக்கு வராத வயசுல புளோரிடா பக்கம் பிடிச்சது, ஆண் வாசனையே படல. 2001 டிசம்பர்ல தொட்டில ஒரு குட்டி பிறந்திருக்கு. ஏற்கனவே எங்கயோ ஆணோட சேந்திருக்கும், விந்த உள்ள சேத்து வெச்சிருந்திருக்கும்னுதான் முதல்ல நினைச்சாங்க. டிஎன்ஏ பாத்து 2007ல முடிவு வெளியிட்டாங்க, குட்டிகிட்ட இருந்தது முழுக்க தாயோட மரபணு மட்டும்தான், அப்பானு ஒருத்தன் இல்லவே இல்ல. சுறால கன்னிப்பிறப்பு உறுதியானது அதுதான் முதல் தடவ. அந்தக் குட்டி பிறந்த அன்னைக்கே அதே தொட்டில இருந்த ஒரு திருக்கை குத்திச் செத்துப்போச்சு, பாவம்.

கேள்வி (சிங்கப்பூர்): சுறா ஒண்ணு புல்லு தின்னுதுனு வாட்ஸ்அப்ல வந்துச்சு, உண்மையா?

பதில்: உண்மைதான், வாட்ஸ்அப்ல அபூர்வமா வர்ற உண்மைகள்ல ஒண்ணு. ஒமாஹால சொன்ன அதே சின்னக் கொம்பன், ஸ்பிர்னா டைபுரோ, தலை மண்வெட்டி மாதிரி உருண்டையா இருக்கும், அமெரிக்கக் கரையோரம் ஆழமில்லாத கடல்புல் தரைல நண்டு தேடித் திரியும். இதோட வயித்துல பாத்தா பாதிக்கு மேல கூட புல்லு இருக்கும், நண்டோட சேந்து தெரியாம உள்ள போகுது, அப்படியே வெளிய போயிடும்னு விட்டுட்டாங்க. 2018ல ஒரு குழு தொட்டில வெச்சு 90 சதவீதம் கடல்புல், மீதி கணவானு சாப்பாடு குடுத்துப் பாத்தாங்க. எடை கூடுச்சு. புல்லுல இருந்த சத்துல பாதியளவு செரிச்சிருக்கு, அது ரத்தத்துலயும் கல்லீரல்லயும் போய் சேந்ததயும் தடம் பிடிச்சுக் காட்டினாங்க. கறியும் புல்லும் ரெண்டும் செரிக்கிற சுறானு உறுதியானது அப்பதான்.

நம்ம பாக் நீரிணைல, மன்னார் வளைகுடால அதே மாதிரி கடல்புல் தரை இருக்கு, அங்க மேயறது கடல்பசு. இந்தச் சின்னக் கொம்பன் நம்ம கடல்ல கிடையாது, அதனால யாராச்சும் ராமேஸ்வரத்துல புல் திங்கிற சுறா பாத்தேன்னு சொன்னா நம்பாதீங்க.

டைபுரோ பத்திப் பேசும்போது 2024ல வந்த சேதியயும் சொல்லணும். அமெரிக்காவுல இருந்து பிரேசில் வரைக்கும் எல்லாம் ஒரே டைபுரோனு, உயிரினங்களுக்கு அறிவியல் பேரு வெக்கிற முறைய வகுத்த லின்னேயஸ் இதுக்குப் பேரு வெச்ச 1758ல இருந்து நினைச்சிட்டிருந்தாங்க. பெலீஸ்ல இருந்து பிரேசில் வரை இருக்குறது தலை வடிவத்துலயும் முதுகெலும்பு எண்ணிக்கையிலயும் மரபணுலயும் வேறனு காட்டி அதுக்கு ஸ்பிர்னா ஆலெனினு புதுப்பேரு குடுத்திருக்காங்க. பத்தாவது இனம் அதுதான்.

கேள்வி (கும்பகோணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): பட்டினப்பாலைல பரதவர் "சினைச் சுறவின் கோடு நட்டு" தெய்வத்த வணங்கினதா வருது. அந்தக் கோடு கொம்பன் சுறாவோடதா?

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்கு கை கூப்பிக்கிறேன். கோடுன்னா கொம்பு, அதனால கொம்பன்னு உங்க மனசு போனது இயல்புதான். ஆனா கொம்பன்கிட்ட நடுறதுக்கு ஒரு கொம்பு கிடையாது. தலை நீட்சி முழுக்க சதையும் குருத்தெலும்பும்தான், வெட்டி வெயில்ல வெச்சா சுருங்கி நாறிப் போயிடும், மணல்ல நட்டு நிறுத்த முடியாது. நட்டா நிக்கிற மாதிரி நீளமா, ரெண்டு பக்கமும் பல்லோட, வருஷக்கணக்கா கெடாம இருக்குறது வேளா மீனோட மூக்குதான், ரம்பம் மாதிரி இருக்குமே அது. இன்னைக்கும் கடற்கரையோரக் கோயில்கள்லயும் தேவாலயங்கள்லயும் காணிக்கையா வெச்சிருக்குறத நீங்க பாத்திருக்கலாம். என் கணிப்பு பாட்டுல வர்றது அதுதான்.

பாட்டுல சுறவுன்னு சொல்லியிருக்கே, வேளா சுறாவானு அடுத்து கேப்பீங்க. பாக்க சுறா மாதிரி இருந்தாலும் வகைப்பாட்டுல அது திருக்கைக் கூட்டம். செவுள் பிளவு எங்க இருக்குனு பாருங்க, பக்கவாட்டுல இருந்தா சுறா, வயித்துப் பக்கம் இருந்தா திருக்கை. வேளாவுக்கு வயித்துப் பக்கம். ஆனா சினைங்கற சொல்லப் பாருங்க ஐயா, வயித்துல குட்டி இருக்குற சுறானு அந்தப் புலவருக்குத் தெரிஞ்சிருக்கு, மீனா இருந்தாலும் இது கருவச் சுமக்கும்னு பரதவருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி (சென்னை): ஒரு வீடியோல பெரிய கொம்பன் ஒருக்களிச்சு சாஞ்சே நீந்துது. அடிபட்டதா?

பதில்: இல்ல, அதோட நடையே அப்படித்தான். ஆஸ்திரேலியாலயும் பெலீஸ்லயும் காட்டுச் சுறாக்கள்மேல கருவி கட்டிப் பாத்து 2016ல வெளியிட்டாங்க. நேரத்துல 90 சதவீதம் வரைக்கும் 50ல இருந்து 75 டிகிரி சாஞ்சே நீந்துது. அதோட முதுகுத் துடுப்பு பக்கத் துடுப்ப விட நீளம், சாஞ்சா அந்த நீளமான துடுப்பே றெக்கையா ஆகிடுது, இழுவை சுமார் 10 சதவீதம் குறையுது. தலைக்காக இழுவைல கட்டுற விலைல கொஞ்சத்த இப்படி மீட்டுக்குது.

நெளி கொம்பன் இன்னொண்ணு பண்ணும். ராத்திரில 800 மீட்டருக்கும் கீழ பாஞ்சு இரை தேடும், மேல தண்ணி 26 டிகிரி, அங்க 5 டிகிரி. குளிர் ரத்தப் பிராணி, செவுள் வழியா அந்தத் தண்ணி போனா உடம்பு சில்லுனு ஆகி தசை வேலை செய்யாது. ஹவாய்ல கருவி கட்டிப் பாத்து 2023ல வெளியிட்டாங்க, ஆழத்துல இருந்த பெரும்பகுதி நேரம் உடம்புச் சூடு இறங்கவே இல்ல. செவுள மூடிக்கிட்டு மூச்ச அடக்கிட்டு இறங்குது, முத்துக்குளிக்கிறவங்க மாதிரி. மீனு மூச்சடக்கும்னு 2023க்கு முன்னாடி சொல்லியிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்.

கேள்வி (கடலூர், இன்னும் நாலு ஊர்ல இருந்தும்): கொம்பன் அழியுதுனு சொல்றீங்க, பிள்ளை பெத்தவங்களுக்கு பால் சுறாதானே குடுக்குறோம், புட்டு செய்யறோம், தப்பா?

பதில்: பால் சுறா வேற, கொம்பன் வேற. பால் சுறா சின்னது, சீக்கிரம் பருவத்துக்கு வரும். நெளி கொம்பன் பெண் ரெண்டு மீட்டர் தாண்டினாத்தான் குட்டி போடும், அதுக்குப் பல வருஷம் ஆகும். நான் கூடைல பாத்த மாதிரி முழங்கை நீளத்துல வலைல வந்துட்டா ஒரு தடவ கூட ஈனாமலே போயிடுது. இதுல மீனவங்கள மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது, ஏன்னா யாரும் குட்டிக் கொம்பன் பிடிக்கணும்னு வலை போடல, கரையோரம் ஆழம் குறைஞ்ச இடத்துலதான் குட்டி போடும், நம்ம வலையும் அங்கதான் கிடக்குது. மாட்டினத திரும்ப விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம், பெரிய கொம்பன் தூண்டில்ல போராடியே களைச்சு செத்துடும், அவ்வளவு மென்மையான உடம்பு.

பெருசுகள அழிச்சது இறக்கை வியாபாரம். கொம்பன் இறக்கைல சூப்புக்குப் போடுற நார் அதிகம், அதனால விலை அதிகம். நெளி கொம்பனும் பெரிய கொம்பனும் 2019ல மிக அருகி அழியும் நிலைனு உலகப் பட்டியல்ல ஏறிடுச்சு. நம்ம அரசு 2013ல இறக்கைய மட்டும் வெட்டிக்கிட்டு உடம்பக் கடல்ல வீசக்கூடாது, முழுசாத்தான் கரைக்குக் கொண்டுவரணும்னு சொல்லிச்சு, 2015ல சுறா இறக்கை ஏற்றுமதியயே தடை பண்ணிச்சு. அருகிவர்ற உயிரினங்கள விக்கிறதக் கட்டுப்படுத்துற சைட்டீஸ்ங்கற உலக ஒப்பந்தத்துல 2013ல மூணு இனத்துக்குக் கட்டுப்பாடு வந்துச்சு, 2022ல கொம்பன் குடும்பம் முழுசுக்கும். குடும்பம் முழுசயும் ஏன் சேக்கணும்னா, வெட்டின இறக்கைய மட்டும் பாத்து எந்த இனம்னு பிரிக்கிறது லேசுல முடியாது.

இனம் தெரியாம போறதுல என்ன ஆகும்னு ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்காவுல தென் கரோலினால நெளி கொம்பன் மாதிரியே, வெளிய பாத்தா வித்தியாசமே சொல்ல முடியாத ஒண்ணு இருந்துச்சு. கார்ட்டர் கில்பர்ட்ங்கற விஞ்ஞானி 1967ல ஒரு மாதிரியோட முதுகெலும்பு கண்ணிகள எண்ணும்போது வழக்கத்த விட 10 குறைவா இருக்கேனு எழுதி வெச்சாரு. ரொம்ப வருஷம் கழிச்சு டிஎன்ஏவும் அதயே சொல்ல, 2013ல அவர் பேரயே வெச்சு ஸ்பிர்னா கில்பெர்டினு தனி இனமா அறிவிச்சாங்க. இடைப்பட்ட அத்தனை வருஷமும் அதப் பிடிச்சதெல்லாம் நெளி கொம்பன் கணக்குலதான் ஏறியிருக்கு, நெளி கொம்பன் இருக்குறத விட அதிகமா இருக்குற மாதிரி காட்டியிருக்கு, கில்பெர்டினு ஒண்ணு இருந்ததே கணக்குல இல்ல.

நம்ம ஏலக்கூடத்துல எல்லாமே கொம்பன்னு ஒரே பேருல எடை போட்டா இதேதான் நடக்கும். அதனால வாங்குறவங்களுக்கு நான் சொல்றது, தலையோட இருக்கும்போதே பாருங்க, அகலத் தலை இருந்தா வாங்காதீங்க, பால் சுறா கூர்மூக்கா இருக்கும், குழம்பவே வழியில்ல. துண்டு போட்டப்புறம் கண்டுபிடிக்க முடியாது, அப்ப கடைக்காரர்கிட்ட கேளுங்க. விக்கிறவங்களுக்கும் பிடிக்கிறவங்களுக்கும் சொல்றது, தலைய நேர் மேல இருந்து, முன் ஓரம் முழுசும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வைங்க, பக்கத்துல அளவுக்கு ஒரு தீப்பெட்டி வைங்க, எந்தக் கடல்ல எந்தத் தேதில எத்தனை பாகம் ஆழத்துல வந்துச்சுனு எழுதுங்க. வயித்துத் தழும்பு மூடியிருக்கா இல்லயாங்கறதயும் பாத்து எழுதிட்டா, குட்டி எந்த மாசத்துல எந்த இடத்துல பிறக்குதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.